சித்திரங்களைப் பாடவைத்தோர்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஆங்கில தின விழா நிகழ்ந்தது. நான்காந் தரத்துப் பிள்ளைகள் சிலர் பன்றிக்குட்டிகளாகவும், ஒருவன் ஓநாயாகவும் வேடம் புனைந்து, கொடிய ஓநாய்க்கு நாம் அஞ்சோம் என்று நகையாடும் ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடி ஆடினர். பெற்றோர் மகிழ்ந்து கை தட்டினர். விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பன்றிக்குட்டியாக வந்த சிறுமி என்னிடம் வந்து, "சேர், இந்தப் பாட்டை ஆர் எழுதினது?" என்று கேட்டாள். "வால்ற் டிஸ்னி" என்றேன். அவள் விட்டாளில்லை. "அவர் படம் கீறுறவர் எண்டெல்லோ ரீச்சர் சொன்னவ. பாட்டும் அவரோ எழுதினவர்?" என்றாள். முப்பது ஆண்டுகள் கற்பித்தலிற் கழித்த யான், அச்சிறுமிக்கு விடை கூற இயலாது நின்றேன்.

அன்று தொட்டுத் தேடியும் படித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். உலகெங்கும் சிறுவரும் முதியோரும் கண்டு களித்த கேலிச்சித்திரப் படங்களின் பாடல்கள் எங்ஙனம் பிறந்தன? அவற்றைப் பிறப்பித்தோர் யாவர்? அவர்களுக்கு நேர்ந்தது யாது? இம்மூன்று வினாக்களே இப்பேச்சின் பொருளாகும்.

முதலிற் பழைய நிலையைச் சிறிது நோக்குவோம். கேலிச்சித்திரப் படங்கள் தோன்றிய காலத்தில் அவற்றுக்குக் குரல் இல்லை. படமாளிகையில் திரைக்கு அருகே ஒரு பியானோ வாத்தியக்காரர் அமர்ந்திருப்பார். பெரிய மாளிகையாயின் ஓர்கன் வாசிப்போரோ சிறு இசைக்குழுவோ இருக்கும். திரையில் ஓடுவதைப் பார்த்து அவர்கள் தம் மனம் போனபடி வாசிப்பர். ஒரே படத்துக்கு ஓரூரில் ஓரிசை, அடுத்த ஊரில் வேறிசை. 1924ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துப் பிளைஷர் சகோதரர்கள் பாட்டுப் படங்களை வெளியிடத் தொடங்கினர். பாட்டின் சொற்கள் திரையிலே தோன்ற, அவற்றின் மேல் ஒரு பந்து துள்ளிச் செல்லும். சபையோர் பந்தைப் பின்பற்றிப் பாடுவர். அவற்றுட் சிலவற்றுக்கு லீ டி பொரெஸ்ற் என்பார் ஆக்கிய கருவியின் துணையால் ஒலியும் சேர்க்கப்பட்டது. ஆதலின், கேலிச்சித்திரத்துக்கு முதன்முதல் ஒலி தந்தவர் டிஸ்னி என்று பலர் கூறுவது பொருந்தாது. அவருடைய கூடத்தார் செய்தது வேறொன்று. இசையின் ஒவ்வோர் அடியும் சித்திரத்தின் ஒவ்வோர் அசைவோடும் பிசகாது இணையும் வழியை அவர்கள் கண்டனர்.

அவ்வழி யாதென விளக்குதல் வேண்டும். பேசும் படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். அஃதாவது, ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டங்கள். டிஸ்னியின் கூடத்தில் வில்பிரெட் ஜக்சன் என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய தாயார் இசை ஆசிரியை. மாணவர் தாளம் தவறாதிருக்க ஆசிரியர் பயன்படுத்தும் மெற்றோநோம் என்னும் தாளக்கருவியை அவர் வீட்டிலே கண்டு பழகியவர். நிமிடத்துக்கு 120 அடி விழும்படி அக்கருவியை வைத்தால், ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே சரியாக 12 சட்டங்கள் ஓடும் என்று கணக்கிடலாம் அன்றோ? அங்ஙனமாயின், எத்தனையாவது சித்திரத்தில் எலியின் கால் நிலத்திற் பட வேண்டும், எத்தனையாவது சித்திரத்தில் மணி அடிக்க வேண்டும் என்பதை ஓவியர் முன்னரே அறிந்து வரையலாம். நம் நாட்டு ஆடலாசிரியர் சொற்கட்டுச் சொல்லி அடவுக்குக் காலளந்து கொடுப்பது போன்றதே இதுவும். கணிதமும் தாளமும் கைகோத்த இடம் இது.

இம்முறையில் ஆக்கப்பட்ட முதற் படம், மிக்கி எலி நீராவிப் படகோட்டும் "ஸ்ரீம்போட் வில்லி" ஆகும். சித்திரங்கள் முடிந்தன, ஒலிப்பதிவுக்காக வால்ற் டிஸ்னி 1928 செப்டெம்பரில் நியூயோர்க்கில் இருந்தார். இசைக்குழுவை நடத்தியவர் கார்ல் எடுவாட் என்பவர். முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. வாத்தியக்காரரும் படமும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்லவில்லை; செலவிட்ட பணமெல்லாம் வீணாயிற்று. கையிற் பணமின்றி நின்ற டிஸ்னி, தம் மோட்டார் வண்டியை விற்றுப் பணம் பெற்று மீண்டும் முயன்றார். இம்முறை படச்சுருளிலேயே தாளத்துக்கேற்ப ஏறி இறங்கும் பந்து போன்ற ஓர் அடையாளம் அச்சிடப்பட்டது. இசை நடத்துநர் அதனைக் கண்ணால் நோக்கிக் கையால் தாளம் காட்ட, இசையும் படமும் ஒன்றாயின. அவ்வாண்டு நவம்பர் 18ஆந் திகதி, பிரோட்வே வீதியிலுள்ள கொலனி படமாளிகையில் அப்படம் திரையேறியது. பழைய அமெரிக்க நாட்டுப் பாட்டொன்றின் மெட்டை மிக்கி எலி ஆட்டையும் மாட்டையும் வாத்தியமாக்கி வாசித்த அழகைக் கண்டு சபையோர் வியந்தனர். அந்த மாளிகையின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதன் வாயிலுக்கு மீண்டும் வருவோம்.

இதன்பின் கன்சாஸ் நகரத்துப் படமாளிகையொன்றில் ஓர்கன் வாசித்த கார்ல் ஸ்ரோலிங் என்பவர் டிஸ்னியின் கூடத்துக்கு வந்தார். மிக்கி எலிப் படங்களிற் சித்திரத்துக்கேற்ப இசை அமையட்டும், இன்னொரு வரிசைப் படங்களில் இசைக்கேற்பச் சித்திரம் அமையட்டும் என்னும் கருத்து அவரிடமிருந்து எழுந்தது. அங்ஙனம் பிறந்தவையே "சில்லி சிம்பொனி" என்னும் குறும்படங்கள். 1929இல் வெளியான அவற்றுள் முதலாவது, நள்ளிரவில் இடுகாட்டில் எலும்புக்கூடுகள் ஆடும் நடனம். கதையென்று அதிற் பெரிதாக ஒன்றும் இல்லை; இசையே கதை. ஸ்ரோலிங் நெடுங்காலம் அங்கு நிலைத்திருக்கவில்லை. பின்னர் வார்னர் சகோதரர்களின் கேலிச்சித்திரங்களுக்கு 1936 தொடக்கம் 1958 வரை இசையமைத்துப் புகழ் பெற்றார்.

இனி அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். 1930ஆம் ஆண்டில் டிஸ்னியின் இசைப் பகுதியிற் பிராங் சேர்ச்சில் என்னும் இளைஞர் சேர்ந்தார். அவர் 1901இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திற் பிறந்தவர்; ஊமைப்படக் காலத்திற் படமாளிகைகளிற் பியானோ வாசித்து வாழ்ந்தவர். 1933ஆம் ஆண்டு மூன்று பன்றிக்குட்டிகள் கதை படமாயிற்று. வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு என்னும் அக்கதையை நாம் அனைவரும் அறிவோம். ஓநாய்க்கு அஞ்சுவார் யார் என்று கேட்கும் பாட்டை அப்படத்துக்கு ஆக்கியவர் சேர்ச்சிலே. தனிப்பாட்டாக அச்சிட்ட வேளையில் ஆன் ரொனெல் என்னும் பெண்மணி கூடுதலான சொற்களை எழுதிச் சேர்த்தார்.

அவ்வாண்டு எத்தகைய ஆண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்த பொருளாதார மந்த காலம் அது. வங்கிகள் மூடின, வீதிகளிற் பசித்தவர் வரிசையாக நின்றனர். அவ்வேளையிற் சிறு பன்றிக்குட்டிகள் ஓநாயைக் கண்டு நகைத்தன. வாயிலில் நிற்கும் வறுமையே அந்த ஓநாய் என்று மக்கள் கொண்டனர். குழந்தைகளுக்கென்று எட்டு நிமிடப் படத்தில் வந்த விளையாட்டுப் பாட்டு, நாடு முழுவதும் வளர்ந்தோர் வாயில் ஒலித்தது. கேலிச்சித்திரப் படமொன்றிலிருந்து பிறந்த பாட்டு படத்தை விட்டுப் பிரிந்து தனியே நாடெங்கும் உலாவியது அதுவரை காணாத புதுமையாகும். பிள்ளைகள் பாட்டு என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுவன, காலத்தின் துன்பத்தைத் தாங்கவல்லன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வெற்றியே டிஸ்னியை முழுநீளப் படம் ஆக்கும் துணிவுக்கு இட்டுச் சென்றது எனலாம். ஜேர்மன் நாட்டுக் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளுள் ஒன்றான "ஸ்னோ வைற்" கதையை அவர் தேர்ந்தார். எண்பது நிமிடத்துக்கு மேல் எவர் கேலிச்சித்திரம் பார்ப்பார் என்று ஹொலிவூட் ஏளனம் செய்தது. டிஸ்னியின் மடமை என்று அதற்குப் பெயரும் இட்டது. வீட்டை ஈடுவைத்தும் கடன் பெற்றும், ஏறக்குறைய 15 இலட்சம் டொலர் செலவில் அப்படம் ஆக்கப்பட்டது. இசையமைத்தவர் பிராங் சேர்ச்சில். பாட்டின் சொற்களை எழுதியவர் லரி மோரி. பின்னணி இசையில் லீ ஹார்லைன், போல் சிமித் ஆகியோரும் பங்கு கொண்டனர்.

அக்காலத்து இசைப் படங்களிற் கதை ஓரிடத்தில் நின்றுவிடும்; பாத்திரம் முன்னே வந்து ஒரு பாட்டைப் பாடும்; பாட்டு முடிந்தபின் கதை மீண்டும் நடக்கும். இவ்வாறு கதைக்குப் புறம்பாகப் பாட்டு நிற்றல் கூடாது, கதையினுள்ளே நெய்யப்படல் வேண்டும் என்பது டிஸ்னி தம் குழுவினருக்கு இட்ட கட்டளை. ஆதலால், கிணற்றங்கரையில் நின்று பாடும்போது அப்பெண்ணின் உள்ளத்து விருப்பம் நமக்குப் புலனாகின்றது. வீட்டைக் கூட்டித் துடைக்கும்போது வேலையே பாட்டாகின்றது. ஏழு குள்ளரும் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பும் நடைப்பாட்டினால் அவர்களுடைய தொழிலும் தோழமையும் ஒரே வேளையில் விளங்குகின்றன. பல பாடல்கள் எழுதப்பட்டும் எட்டு மட்டுமே படத்தில் இடம்பெற்றன. குள்ளர்கள் கூழ் குடிக்கும், பாட்டோடு கூடிய காட்சியொன்றை வார்ட் கிம்போல் என்னும் ஓவியர் பன்மாதம் உழைத்து வரைந்திருந்தார். கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றது என்பதனால் அக்காட்சி முழுவதும் நீக்கப்பட்டது. நல்லதாயினும் பொருந்தாததை விலக்கும் இவ்வுறுதியே அப்படத்தின் பலமாயிற்று.

நாயகிக்குக் குரல் தந்தவர் அட்ரியானா கசலொற்றி. அவருடைய தந்தையார் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இசை ஆசிரியர். இளங்குரல் உடைய மாணவி எவரேனும் உண்டோ என்று கூடத்திலிருந்து தந்தையாரிடம் தொலைபேசியில் வினவினர். வீட்டின் மறு தொலைபேசியில் இதனை ஒட்டுக்கேட்ட மகள், இடையிற் புகுந்து தாமே பாடிக் காட்டினார் என்பர். தோற்றம் கண்டு மயங்காது குரலை மட்டும் கேட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காக, டிஸ்னி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடகிகளைக் கேட்டார். அந்நேர்மை பாராட்டற்குரியது. ஆயின் 1937 டிசெம்பர் 21ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் அப்படம் முதன்முதல் திரையேறியபோது, முகப்பெழுத்துகளில் இசையமைத்தோர் பெயர் இருந்தது. குரல் கொடுத்தோர் ஒருவர் பெயரேனும் இல்லை. உலகமே கேட்டு உருகிய குரலுக்கு உடையவர் யாரென்று சபையோர் அறிந்திலர். கசலொற்றிக்கு நிறுவனம் உரிய சிறப்புப் பட்டம் அளித்தது 1994இல். அவர் மறைந்தது 1997இல்.

1938 ஜனவரியில் அப்படத்தின் பாடல்கள், படத்திற் பதிவான குரல்களோடும் ஒலிகளோடும், மூன்று இசைத்தட்டுகளாக விக்ரர் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. திரைப்படமொன்றின் ஒலிப்பதிவே விற்பனைக்கு வந்த முதல் இசைத்தட்டுத் தொகுதி இதுவெனக் கருதப்படுகிறது. படமாளிகையில் ஒருமுறை கேட்டு வீடு திரும்பிய பிள்ளை, அதே குரலை வீட்டிலே நூறுமுறை கேட்கும் வழி பிறந்தது. திரைப் பாட்டை வானொலியிற் கேட்டே வளர்ந்த நமக்கு இது வியப்பன்று. அன்று அது பெரும் புதுமை. ஆனால் இத்தட்டுகளோடு ஒரு வினாவும் கூடவே பிறந்தது. தட்டிலுள்ள பாட்டு எவருடைய உடைமை? இவ்வினா ஐம்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் ஏறியதைப் பின்னர்க் காண்போம்.

1940 பெப்ரவரியில் "பினோக்கியோ" வந்தது. விண்மீனை நோக்கி விழைந்தால் விழைந்தது கைகூடும் என்னும் கருத்தமைந்த அதன் முதற் பாட்டுக்கு லீ ஹார்லைன் இசையமைக்க, நெட் வாஷிங்டன் சொற்களை எழுதினார். அவ்வாண்டின் சிறந்த பாட்டுக்கும் சிறந்த மூல இசைக்கும் உரிய அக்கடமிப் பரிசுகள் இரண்டும் அப்படத்துக்கே கிடைத்தன. பாட்டைப் பாடியவர் கிளிவ் எட்வர்ட்ஸ். யுகலேலி என்னும் சிறு நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடி, 1920களில் இசைத்தட்டு உலகிற் கொடிகட்டிப் பறந்தவர். அவர் ஈட்டிய செல்வம் குடியிலும் கடனிலும் கரைந்தது. 1971 ஜூலையில், முதியோர் இல்லமொன்றில் வறியவராய் உயிர் நீத்தார். அவருடைய உடலைப் பொறுப்பேற்க எவரும் வராமையால், அது மருத்துவக் கல்லூரிக்குக் கையளிக்கப்பட்டது. அவருடைய செலவுகளிற் பலவற்றை ஓசையின்றி ஏற்றுவந்த டிஸ்னி நிறுவனம் செய்தி அறிந்து அடக்கச் செலவை ஏற்க முன்வந்தது. நடிகர் நலநிதிகள் அப்பொறுப்பை ஏற்றன. கல்லறைக் கல்லை நிறுவனம் நாட்டியது. எத்தனை கோடி வீடுகளில் அக்குரல் பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டியது! அதற்கு உரியவரின் உடலோ கேட்பாரற்றுக் கிடந்தது. இதனைப் படித்த நாளில் யான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன்.

அதே 1940ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி "பன்ரேசியா" திரையேறியது. லியோபோல்ட் ஸ்ரொகொவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பில் பாக், பீத்தோவன், ஸ்திராவின்ஸ்கி முதலியோரின் பேரிசை ஒலிக்க, அவ்விசைக்குச் சித்திரங்கள் ஆடின. பல ஒலிபெருக்கிகளால் இசை மண்டபத்தைச் சுற்றி ஒலிக்கும்படி புதிய கருவியமைப்பொன்றும் இதற்கென ஆக்கப்பட்டது. அப்படம் முதன்முதற் காட்டப்பட்ட இடம், பெயர் மாறி பிரோட்வே மாளிகையாக இருந்த அதே பழைய கொலனி படமாளிகை! மோட்டார் வண்டியை விற்றுச் சிறு குழுவை அமர்த்திய மனிதர், பன்னிரண்டாண்டுகளில் நாட்டின் தலைசிறந்த இசைக்குழுவோடு அதே வாயிலுக்கு வந்தார். ஆயின் காலம் கைகொடுக்கவில்லை. ஐரோப்பாவில் மூண்ட போர் வெளிநாட்டு வருவாயை அடைத்தது; புதிய கருவிகளைப் பொருத்தும் செலவோ மிகுதி. 20 இலட்சம் டொலருக்கு மேல் விழுங்கிய அப்படம் போட்ட முதலை அப்போது மீட்கவில்லை.

கடன் பெருகியது, ஆட்குறைப்பு வந்தது. ஒரே வேலைக்கு வெவ்வேறு சம்பளம், முகப்பெழுத்துகளிற் பெயரின்மை, தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தமை ஆகிய குறைகள் ஒன்றுதிரண்டு, 1941 மே 29ஆந் திகதி கூடத்தின் வாயிலில் வேலைநிறுத்தமாக வெடித்தன. சங்கத்தின் முன்னணியில் நின்று வேலை நீக்கப்பட்ட ஆர்ட் பாபிற், "ஸ்னோ வைற்" படத்துக் கொடிய அரசியை வரைந்தவர்களுள் ஒருவர். குடும்பம் போன்றிருந்த கூடம் இரண்டாய்ப் பிளந்தது. செப்டெம்பரில் வேலைநிறுத்தம் தீர்ந்த பின்னரும் அப்புண் ஆறவில்லை.

இந்தக் கலக்கத்தின் நடுவே, சிக்கனமாக ஆக்கப்பட்ட "டம்போ" அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியாயிற்று. அதன் நீளம் 64 நிமிடமே. கோமாளிகள் கூடிச் சம்பள உயர்வு கேட்கப் புறப்படும் பாட்டொன்று அதிலுண்டு. வேலைநிறுத்தக்காரரைக் கேலி செய்தது அது என்று பலர் கருதுவர். அதனை விட்டுவிடுவோம். சிறையிட்ட தாய் யானை, கம்பிகளினூடே தும்பிக்கையை நீட்டித் தன் குட்டியைத் தாலாட்டும் காட்சியை எவர் மறப்பார்? அத்தாலாட்டுக்கு இசையமைத்தவரும் பிராங் சேர்ச்சிலே. சொற்கள் நெட் வாஷிங்டனுடையன. பாடியவர் பெற்றி நொயிஸ் என்னும் பெண்மணி. அவருடைய பெயரும் முகப்பெழுத்துகளில் இல்லை. தாலாட்டு எம்மொழியிலிருந்தாலும் தாலாட்டே. அதன் சொற்களை அறியாத நம் பாட்டிமாரும் அக்காட்சியைக் கண்டால் கண்கலங்குவர்.

"டம்போ"வின் இசைக்காகச் சேர்ச்சிலும் ஒலிவர் வொலசும் 1942 பெப்ரவரியில் அக்கடமிப் பரிசு பெற்றனர். அதற்கு மூன்று மாதம் நிறையுமுன், மே 14ஆந் திகதி, தம் பண்ணை வீட்டிலே பிராங் சேர்ச்சில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ஓநாய்க்கு அஞ்சாதே என்று ஒரு நாட்டுக்கே பாடிக் கொடுத்தவரின் உள்ளத்தை உண்ட ஓநாய் எதுவோ, அதனை நாம் அளந்து தீர்ப்புக் கூறுதல் தகாது. அவர் இசையமைத்த "பம்பி" அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேதான் திரைக்கு வந்தது. அன்பே அழியாத பாட்டு என்னும் கருத்தில் அவரும் லரி மோரியும் ஆக்கிய பாட்டும், அப்படத்தின் இசையும் அக்கடமியின் பரிசுக்கு முன்மொழியப்பட்டன. முன்மொழிவைக் கேட்க அவர் இருந்திலர்.

நேயர்களே, பாட்டின் உடைமை பற்றிய வினாவை இனி எடுத்துக்கொள்வோம். தொடக்க காலத்திற் பணமுடை காரணமாக, டிஸ்னி தம் படப் பாடல்களின் வெளியீட்டு உரிமையை ஏர்விங் பேர்லின் பெயரிலமைந்த இசை வெளியீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார். அவ்வுரிமை பின்னர் போர்ன் என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. "ஸ்னோ வைற்", "பினோக்கியோ", "டம்போ" ஆகிய படங்களை ஆக்கிய நிறுவனமே அவற்றின் பாட்டு வெளியீட்டுக்கு உரியதன்று என்னும் விந்தையான நிலை ஏற்பட்டது. இப்பாடம் கற்ற டிஸ்னி 1949இல் தமக்கெனத் தனி இசை வெளியீட்டு நிறுவனம் அமைத்தார். 1950இன் "சிண்டரெல்லா" பாடல்கள் அதன் வழியே வந்தன.

நிறுவனம் தன் உரிமையைக் காக்கக் கற்றது, கலைஞர் கற்றனரோ? ஒருவர் கற்றார். 1955ஆம் ஆண்டின் "லேடி அன்ட் த ட்ராம்ப்" படத்துக்குச் சனி பேர்க் என்பவருடன் சேர்ந்து பாட்டெழுதி, சில பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்தவர் புகழ்பெற்ற பாடகி பெகி லீ. அப்படம் 1987இல் வீடியோ நாடாவாக விற்கப்பட்டபோது, தம் குரல் பதிவான பிரதிகளை விற்கும் உரிமையைத் தாம் எவருக்கும் கொடுத்ததில்லை என்று பழைய ஒப்பந்தத்தைக் காட்டி, 1988இல் வழக்குத் தொடுத்தார். நோயுற்ற முதுமையிலும் சக்கர நாற்காலியில் அமர்ந்து போராடி, 1991இல் ஏறக்குறைய 23 இலட்சம் டொலர் இழப்பீடு பெற்றார். வீடியோ நாடா என்பதொன்று வருமென்று 1950களில் எவரும் கனவு கண்டிலர். ஆயினும் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாக்கியம் அவருக்கு அரணாயிற்று.

அரணேதும் இல்லாதவர் கதையும் உண்டு. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த சூலு இனப் பாடகர் சொலமன் லிண்டா 1939இல் ஜொகன்னஸ்பேர்க் நகரில் "ம்பூபே" என்னும் சிங்கப் பாட்டைப் பதிவு செய்தார். அதன் உரிமையைப் பத்துச் சிலிங்குக்கு ஒலிப்பதிவு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவுக்குச் சென்ற அம்மெட்டு, புதிய ஆங்கிலச் சொற்களோடு 1961இற் பெரும் வெற்றி கண்டது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் "த லயன் கிங்" படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. 2004இல் அவருடைய புதல்வியர் சார்பில் தென்னாபிரிக்காவில் வழக்கு எழுந்தது. பாட்டை ஆக்கியவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் உரிமை வாரிசுகளுக்கு மீள வேண்டும் என்னும் ஏற்பாடு 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்தது. அன்று பேரரசின் கீழிருந்த இலங்கைக்கும் விரிந்த சட்டம் அது. அதனையே வழக்கறிஞர்கள் பற்றுக்கோடாகக் கொண்டனர். 2006 பெப்ரவரியில் இணக்கம் ஏற்பட்டு, கடந்த காலத்துக்கும் வருங்காலத்துக்கும் அக்குடும்பத்துக்குப் பங்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவற்றையெல்லாம் கூறுவதனால் வால்ற் டிஸ்னியைக் குறை கூறுவதே என் நோக்கம் என்று எண்ணற்க. வண்டியை விற்றவரும் வீட்டை ஈடுவைத்தவரும் அவரே. பாட்டைக் கதையோடு நெய்க என்று வற்புறுத்தியவரும் அவரே. அத்துணிவு இல்லாவிடிற் சேர்ச்சிலின் மெட்டுகள் ஏதோவொரு படமாளிகைப் பியானோவிலே கரைந்து போயிருத்தல் கூடும். கோயிலை எழுப்பிய அரசனின் பெயர் கல்வெட்டில் நிற்பதிற் பிழையில்லை. சிற்பியின் பெயர் எங்கே என்று கேட்பதிலும் பிழையில்லை.

காலம் சிறிது திருந்தியது என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1989இல் "த லிட்டில் மெர்மெயிட்", 1991இல் "பியூற்றி அன்ட் த பீஸ்ற்" ஆகிய படங்களுக்கு அலன் மென்கன் இசையமைக்க, ஹவார்ட் அஷ்மன் பாட்டெழுதினார். "ஸ்னோ வைற்" கிணற்றங்கரையில் நின்று தன் விருப்பத்தைப் பாடிய அதே முறையை அவர் புதுப்பித்தார். அவரும் சேர்ச்சிலைப் போலவே நாற்பதாவது வயதில், பின்னைய படம் வெளிவருமுன், 1991 மார்ச் 14ஆந் திகதி நோயினால் மறைந்தார். ஆயின் அவருடைய பெயர் மறைக்கப்படவில்லை. அப்படமே அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பாட்டுக்குரிய அக்கடமிப் பரிசும் அவர் மறைந்தபின் அவர் பெயரால் வழங்கப்பட்டது. பெயரைச் சொல்லுதல் பெரிய செலவன்று. அரை நூற்றாண்டில் உலகம் அதனைக் கற்றுக்கொண்டது.

அச்சிறுமி இப்போது எங்கள் பாடசாலையிலே மேல் வகுப்பிற் பயில்கின்றாள். சென்ற தவணையில் அவளை அழைத்து, "பிள்ளை, நீ அண்டைக்குக் கேட்ட பாட்டை ஆக்கினவர் பிராங் சேர்ச்சில்" என்றேன். அவள் தான் கேட்டதையே மறந்திருந்தாள். சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். பின்னர், கையிலிருந்த கொப்பியின் பின்பக்கத்தில் அப்பெயரை எழுதி, எழுத்துச் சரியோ என்று என்னிடம் காட்டினாள். சரியாகவே எழுதியிருந்தாள்.